நான்கு நண்பர்கள் சேர்ந்து டர்பனில் சிறு ஜின் வடிசாலை தொடங்க என்ன வேண்டும்?

கேள்வி இதுதான்: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்து நண்பர்கள் நான்கு பேர், ஆளுக்குக் கொஞ்சம் சேமிப்பு. செம்பு வடிகலன் ஒன்று வாங்கி, நம் ஊர் மணம் உள்ள ஜின் செய்து விற்க ஆசை. எங்கே தொடங்குவது, எங்கே சறுக்கும்?

முதலில் வடிகலனை வாங்காதீர்கள். எல்லோரும் அதைத்தான் முதலில் வாங்குகிறார்கள். பளபளவென்று இருக்கும், படம் எடுத்துப் போடலாம், தொழில் தொடங்கிவிட்ட நிறைவும் வந்துவிடும். ஆனால் சிறு ஜின் வடிசாலையை வாழவைப்பதும் கவிழ்ப்பதும் அளவுதான். எவ்வளவு சுத்த ஆல்கஹால் உள்ளே வந்தது, எவ்வளவு வெளியே போனது, ஒவ்வொரு வடிப்பும் முந்தியதைப் போலவே இருந்ததா என்பதுதான் தொழில். சுங்கத் துறை கேட்பதும் அதைத்தான், இரண்டாவது பாட்டில் வாங்க வருகிறவர் கேட்பதும் அதைத்தான்.

மூலச் சாராயத்தை நீங்களே காய்ச்ச வேண்டாம். ஜினுக்கு அடிப்படை 96 சதவீத நியூட்ரல் ஸ்பிரிட், அதாவது மணமும் குணமும் நீக்கிய எரிசாராயம். நூறு கிலோ சர்க்கரையைப் புளிக்கவைத்தால், எல்லாம் சரியாகப் போனால், சுமார் 60 லிட்டர் சுத்த ஆல்கஹால் கிடைக்கும். அதைப் பிரித்து 96 சதவீதத்துக்குக் கொண்டுபோக, உயரமான, பல தட்டுகள் கொண்ட கோபுர வடிகலன் வேண்டும். நான்கு பேர் செய்யும் வேலை அல்ல அது. டர்பனில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு. சீ கவ் லேக்கில் என்.சி.பி. ஆலையும், மெரிபேங்கில் இல்லோவோ ஆலையும் கரும்பு மொலாசஸிலிருந்து (சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகு) உயர்தர ஆல்கஹால் எடுக்கின்றன. கேப் பக்கம் பலர் திராட்சைச் சாராயத்தில் ஜின் செய்கிறார்கள். அதில் மெல்லிய பழ இனிப்பு தங்கும். கரும்புச் சாராயம் சுத்தமாக, லேசாக இருக்கும், ஜினுக்கு அடையாள மணம் தரும் ஜூனிப்பர் காயை மறைக்காது. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தத் தொழிலாளராக வந்து இறங்கியவர்கள் வேலை செய்த கரும்புக் காட்டின் சாறு அது. டர்பன் இருக்கும் இந்த நேட்டாலில் ஜின் செய்யும் தமிழன் வேறு அடிப்படையைத் தேடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அடுத்தது காகிதம். தேசிய மதுச் சட்டம் (2003-இன் 59-ஆம் எண்) ஆண்டுக்கு 20 லட்சம் லிட்டருக்குள் ஸ்பிரிட் தயாரிப்பவரைச் சிறு தயாரிப்பாளராக வைக்கிறது. உங்கள் உரிமத்தை மாகாண மது ஆணையம் கொடுக்கும். விண்ணப்பத்தைப் பற்றி அறிவிப்பு வரும், அக்கம்பக்கத்தார் ஆட்சேபிக்கலாம். கோயில், பள்ளி பக்கத்தில் இடம் பார்த்துவிட்டுப் பிறகு வருந்தாதீர்கள். தொழிற்பேட்டைப் பகுதியில் பாருங்கள். இதற்குத் தனியாக, வருவாய்த் துறையான சார்ஸிடம் 1964-ஆம் ஆண்டுச் சுங்க, கலால் சட்டத்தின்படி உற்பத்திக் கிடங்கு உரிமம் வாங்க வேண்டும். பிணைத்தொகையும் கேட்பார்கள். வடிகலனை இறக்கிவைப்பதற்கு முன்பே அவர்களிடம் பேசிவிடுங்கள். இடத்தின் வரைபடத்தில் வடிகலன், தொட்டிகள், பூட்டுள்ள அறை எல்லாம் எங்கே என்று காட்ட வேண்டியிருக்கும். பிறகு ஒரு தொட்டியை நகர்த்தினாலும் சொல்ல வேண்டும். இவற்றோடு நகராட்சியின் நில வகைப்பாடு, தீயணைப்புத் துறையின் அனுமதி. இந்த நான்கும் ஒன்றுக்கொன்று காத்திருக்கும். அதனால்தான் வாடகை ஒப்பந்தத்தில் 'உரிமம் கிடைக்காவிட்டால் விலகலாம்' என்ற வரி அவசியம். காலி அறைக்கு மாதக்கணக்கில் வாடகை கட்டியே முதல் தீர்ந்தவர்கள் உண்டு.

காகிதம் நகரும் காலத்தில் சும்மா இருக்க வேண்டியதில்லை. உரிமம் உள்ள வேறு வடிசாலையில் ஒப்பந்த அடிப்படையில் உங்கள் செய்முறையை வடித்துத் தரச் சொல்லலாம். சந்தையையும் மணத்தையும் சோதிக்க இதைவிட மலிவான வழி இல்லை. வீட்டுச் சமையலறையில் 'சும்மா ஒரு சோதனை' வேண்டாம். உரிமம் இல்லாமல் வடிப்பது குற்றம், பின்னால் உரிமம் கேட்கும்போது அதுவே குறுக்கே நிற்கும்.

கலால் வரிக்கு வருகிறேன், ஏனென்றால் பணம் இங்கேதான் முடங்கும். வரி பாட்டிலுக்கு அல்ல, சுத்த ஆல்கஹால் லிட்டருக்கு. 750 மில்லி பாட்டில், 43 சதவீதம் என்றால் 0.75-ஐ 0.43-ஆல் பெருக்க வேண்டும்: 0.3225 லிட்டர். 2024 பட்ஜெட்டில் லிட்டருக்கு 274 ரேண்ட் அளவில் வைத்தார்கள். அந்த விகிதத்திலேயே ஒரு பாட்டிலுக்கு 88 ரேண்டுக்கு மேல் வரி. பட்ஜெட் தோறும் இது ஏறும். இதற்கு மேல் 15 சதவீத வாட். கிடங்குக்குள் இருக்கும்வரை வரி இல்லை. சரக்கு கதவைத் தாண்டியதும் வரிக்கணக்கு ஓட ஆரம்பிக்கும். கடைக்காரர் 30 நாளிலோ 60 நாளிலோ பணம் தருவார், வரி அதுவரை காத்திருக்காது. விற்பனை நன்றாக ஏறும் மாதத்தில்தான் கையில் காசு இல்லாமல் போகும். அதனால் கதவைத் தாண்டும் ஒவ்வொரு பாட்டிலின் வரியையும் தனிக் கணக்கில் ஒதுக்கி வையுங்கள். 25 லிட்டர் எரிசாராய டிரம் ஒன்றில் 24 லிட்டர் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. அது கசிந்து போய், கணக்குக் காட்ட முடியாவிட்டால், சரக்கும் போய், அதற்குரிய 6,500 ரேண்டுக்கு மேற்பட்ட வரியும் உங்கள் தலையில் விழும்.

இனி வடிப்பு. ஒரு தடவைக்கு நூறு லிட்டர் சரக்கு, அதாவது தண்ணீர் கலந்த எரிசாராயம், என்று வைத்துக்கொள்வோம். கலனின் கொள்ளளவு 140 முதல் 150 லிட்டர் இருக்கட்டும்; விளிம்புவரை நிரப்பினால் கொதிப்பு பொங்கிக் குழாய்க்குள் ஏறி வடிப்பைக் கலங்கடிக்கும். செம்புதான் வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம். செம்பு, புளிக்கவைத்த நொதிநீரில் வரும் கந்தக நாற்றத்தைப் பிடிக்கும். வாங்கிய நியூட்ரல் ஸ்பிரிட்டில் அந்த நாற்றமே கிடையாது. செம்புக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பகுதியைச் சூடாக்கும் முறைக்குக் கொடுங்கள். கலனுக்குள்ளேயே மின்கம்பி இருந்தால் ஜூனிப்பர் அதில் ஒட்டிக் கருகும். அந்தக் கருகல் மணம் எதிலும் போகாது. வெளிச்சுற்றில் நீர் அல்லது எண்ணெய் உள்ள இரட்டைச் சுவர்க் கலன் நல்லது.

நூறு லிட்டரை 50 சதவீதத்தில் தயாரிக்க 96 சதவீத எரிசாராயம் 52.1 லிட்டர் வேண்டும். மீதி 47.9 லிட்டர் தண்ணீர் என்று கணக்குப் போட்டால் தவறு. ஆல்கஹாலும் தண்ணீரும் கலக்கும்போது கொள்ளளவு சுருங்கும். உண்மையில் 51 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். இதனால்தான் இந்தத் தொழிலில் லிட்டரைவிடத் தராசு நம்பகமானது. எல்லாவற்றையும் எடை போட்டுக் கலந்து, அட்டவணையைப் பார்த்துச் சரிபாருங்கள்.

இந்த நூறு லிட்டரில் போடும் மணப்பொருட்களுக்கு ஒரு தொடக்க அளவு சொல்கிறேன்: ஜூனிப்பர் 1.8 கிலோ, கொத்தமல்லி விதை 700 கிராம், ஏஞ்சலிகா வேர் 90 கிராம், ஓரிஸ் வேர் 40 கிராம், உலர்ந்த நார்ச்சித் தோல் 100 கிராம், பட்டை 20 கிராம், ஏலக்காய் 15 கிராம். நார்ச்சி என்பது இங்கே எல்லாத் தெருவிலும் விற்கும் அந்தச் சின்னக் கமலாப்பழம்தான். வெள்ளைச் சதை இல்லாமல் மஞ்சள் தோலை மட்டும் சீவி உலர்த்துங்கள். ஜூனிப்பர் ஐரோப்பாவிலிருந்து, பெரும்பாலும் பால்கன் நாடுகளிலிருந்து வரும். டர்பன் ஈரக்காற்றில் மூட்டையைத் திறந்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத பைகளில், குளிர்ந்த அறையில் வையுங்கள். புது மூட்டை வந்ததும் பத்துக் காய்களை நசுக்கிப் பழைய மூட்டையோடு முகர்ந்து பாருங்கள். எண்ணெய்ச் சத்து அறுவடைக்கு அறுவடை மாறும், அளவையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

கொத்தமல்லியில்தான் நம்மவர்கள் தவறுகிறார்கள். விக்டோரியா தெருச் சந்தையில் கிடைக்கும் மசாலாக் கொத்தமல்லி பெரிய, நீளவாட்டு விதை. குழம்புக்கு அருமை, ஆனால் எண்ணெய் குறைவு. ஜினுக்கு ஐரோப்பாவில் பயன்படுத்துவது சிறிய உருண்டை விதை. அதில் எண்ணெய் பல மடங்கு. செய்முறைப் புத்தகத்தின் அளவை நம் ஊர் விதைக்குப் போட்டால் ஜின் மொட்டையாக நிற்கும். நம் விதையையே பயன்படுத்துங்கள், தப்பில்லை. முதலில் அதைத் தனியாக வடித்துப் பார்த்து, எவ்வளவு வேண்டும் என்று தீர்மானியுங்கள். வறுக்கவே கூடாது, வறுத்த மணம் ஜினில் புகை போலக் கனத்து உட்காரும். ஏலக்காயில் இதற்கு நேர்மாறு: 15 கிராமை 40 ஆக்கினால் கற்பூர நெடி எல்லாவற்றையும் விழுங்கிவிடும். அப்போது கிடைப்பது ஏலக்காய்ச் சாராயம், ஜின் அல்ல.

புளி, உப்பு, காரம் இவை ஆவியில் வராது. புளியின் அமிலமும் மிளகாயின் காரமும் கலனிலேயே தங்கிவிடும். 'டர்பன் மசாலா ஜின்' என்று மிளகாயைக் கலனில் போட்டால் லேசான பச்சை மணம்தான் கிடைக்கும், நாக்கில் சுறுசுறுப்பு இருக்காது. கறிவேப்பிலை வரும், அழகாகவே வரும். ஆனால் கொதிக்கும் சரக்கில் போட்டால் வெந்த கீரை நாற்றம். கலனின் கழுத்தில் ஒரு துளைக்கூடை வைத்து, ஆவி அதன் வழியே போகும்படி, பறித்த அன்றே புது இலையாக 100 கிராமில் தொடங்குங்கள். உலர்ந்த கறிவேப்பிலையால் பயன் இல்லை. கேப்பில் விளையும் புக்கு இலையையும் கூடையில் வைக்கலாம். அதன் கறுப்புத்திராட்சை மணம் முரட்டுத்தனமானது, 10 கிராமுக்கு மேல் போகாதீர்கள். கேப் கரையோர ஊரான ஸ்டில்பாயில் இன்வரோச் வடிசாலை ஃபைன்போஸ் (கேப்பின் காட்டுப் புதர்ச்செடிகள்) ஜின்னை நிலைநாட்டிய பிறகு அந்தச் செடிகள் போட்ட ஜின்கள் நிறைய வந்துவிட்டன. அதே பாதையில் இன்னொன்றுக்குத் தேவை இல்லை. நேட்டாலின் அலமாரியில் இருப்பதை எடுங்கள்.

ஜூனிப்பரையும் கொத்தமல்லியையும் முந்தைய மாலையே சரக்கில் ஊறவையுங்கள், 12 மணி நேரம் போதும். நார்ச்சித் தோலை மட்டும் காலையில், கலனைச் சூடேற்றும் முன் போடுங்கள். இரவெல்லாம் ஊறினால் கசப்பு ஏறும். காலையில் மெதுவாகச் சூடாக்குங்கள். முதலில் வரும் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டரைத் தனியே எடுங்கள். மெத்தனால் பயத்தால் அல்ல, வாங்கிய நியூட்ரல் ஸ்பிரிட்டில் அது பொருட்படுத்தத் தக்க அளவில் இருக்காது. போன வடிப்பின் எண்ணெய் குழாயில் ஒட்டியிருக்கும், அதைக் கழுவத்தான் இந்த முதல் பகுதி. பிறகு மணிக்குப் பத்து லிட்டர் வேகத்தில் நடுப்பகுதி ஓடட்டும். தொடக்கத்தில் எலுமிச்சை, நார்ச்சி மணம். பிறகு ஜூனிப்பர் நிமிரும். கடைசியில் வேர்களும் பட்டையும். 80-ஐத் தாண்டித் தொடங்கும் வலு (ஆல்கஹால் சதவீதம்) மெல்ல இறங்கி 60 சதவீதத்தை நெருங்கும்போது அருகிலேயே நில்லுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சிறு கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் பிடித்து, சம அளவு குளிர்ந்த தண்ணீர் விட்டுப் பாருங்கள். தெளிவாக இருந்த வடிப்பில் பால் போல வெண்மை சுருண்டு படர்ந்தால் கனத்த எண்ணெய் வரத் தொடங்கிவிட்டது. முகர்ந்தால் நனைந்த அட்டை வாடை, வெந்த வேர் வாடை. அந்த நொடியே பாத்திரத்தை மாற்றுங்கள். இன்னும் இரண்டு லிட்டர் சேர்த்தால் என்ன என்ற பேராசைதான் பல நல்ல ஜின்களைக் கெடுக்கிறது. மீதியை வால் பகுதியாகத் தனியே எடுத்து வையுங்கள். அதுவும் ஆல்கஹால் கணக்கில் எழுதப்பட வேண்டியதே.

வெப்பமானியைப் பார்த்துப் பாத்திரத்தை மாற்றாதீர்கள். டர்பன் கடல் மட்டம். ஜோஹன்னஸ்பர்க்கில் தண்ணீரே 94 பாகை செல்சியஸில் கொதிக்கும். அங்கே எழுதிய எண் இங்கே பொருந்தாது. வலுவும் மூக்கும் இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

குளிர்நீர் இன்னொரு சிக்கல். மணிக்குப் பத்து லிட்டர் வடிப்புக்குச் சுமார் 150 லிட்டர் தண்ணீர், 20 பாகை சூடேறி வெளியே வரும். சாக்கடையில் விடாமல் 2,500 லிட்டர் ஜோஜோ தொட்டியில் (பிளாஸ்டிக் நீர்த்தொட்டி) சுழற்றுங்கள். ஆனால் பம்பை மட்டும் நம்பாதீர்கள். மின்சாரம் போனால் சூடாக்கியும் நிற்கும், பம்பும் நிற்கும், கலன் மட்டும் சூடாகவே இருக்கும். ஆவி குளிராமல் ஆவியாகவே குழாய் வாய்வழி வெளியே வரும், அது தீ. உயரத்தில் 200 லிட்டர் தொட்டி ஒன்று, தண்ணீர் தானாக இறங்கும்படி, கட்டாயம் இருக்கட்டும். லோட்ஷெடிங் (மின்வெட்டு) அட்டவணை இல்லாத நாளிலும் இது வேண்டும்.

தீயைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை. 96 சதவீத எரிசாராயம் 17 பாகையிலேயே தீப்பற்றக்கூடிய ஆவி விடும். 43 சதவீத ஜின்கூட 26 பாகை அளவில். டர்பன் கோடையில் இரண்டுமே அறை வெப்பத்தில் ஆபத்தானவை. அந்த ஆவி காற்றைவிடக் கனம், தரையில் படரும். அதனால் காற்றுப்போக்கி கூரையில் அல்ல, தரையோரம் வேண்டும். தீப்பொறி தடுக்கும் விளக்கு, சுவிட்சு, பம்பு. ஊற்றும்போது இரும்பு டிரம்மைத் தரையோடு கம்பியால் இணைப்பது. அதே அறையில் எரிவாயு அடுப்பு இல்லாமை. இவற்றில் பேரம் கிடையாது.

நூறு லிட்டர் சரக்கிலிருந்து நடுப்பகுதி ஏறக்குறைய 50 லிட்டர், 76 சதவீதத்தில் கிடைக்கும். அதில் 38 லிட்டர் சுத்த ஆல்கஹால். 43 சதவீதத்துக்கு இறக்கினால் 88 லிட்டர், சுமார் 117 பாட்டில். தென்னாப்பிரிக்காவில் 43-க்குக் கீழே ஜின் என்று விற்க முடியாது. 43-க்கு இறக்க 38.4 லிட்டர் தண்ணீர் என்று கழித்தல் கணக்கு சொல்லும். சுருக்கத்தைச் சேர்த்தால் 40 லிட்டருக்குக் கிட்டே போகும். ஆர்.ஓ. தண்ணீர் பயன்படுத்துங்கள், கடின நீர் சில வாரத்தில் பாட்டிலடியில் வெள்ளைப் படிவு விடும். ஒரே மூச்சில் ஊற்றாமல் மூன்று நாட்களில் பகுதி பகுதியாகச் சேர்த்து, துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியில் இரண்டு வாரம் ஓய்வு கொடுங்கள்.

அளக்கும்போது கவனம்: ஆல்கஹால்மானி 20 பாகைக்கு அளவிடப்பட்டது. 28 பாகையில் அது 43 காட்டினால் உண்மை வலு 40-தான், சட்டத்துக்குக் கீழே. மாதிரியைக் குளிரவைத்து அளக்கவும் அல்லது திருத்த அட்டவணையைப் பாருங்கள். ரூய்போஸ் (கேப்பின் செந்தேநீர் இலை) ஊறவைத்த ஜின், சர்க்கரை சேர்த்த ஜின் என்றால் மானி பொய் சொல்லும். கரைந்த பொருள் அதைக் குறைத்துக் காட்டும். அளந்த மாதிரியை வடித்து, பழைய கொள்ளளவுக்குத் தண்ணீர் சேர்த்து, பிறகுதான் அளக்க வேண்டும்.

தொட்டியில் கலங்கல் வந்தால் வடிகட்டியை நோக்கி ஓடாதீர்கள். காரணம் மூன்றில் ஒன்று: மணப்பொருள் அதிகம், வால் பகுதி உள்ளே வந்துவிட்டது, தண்ணீரை வேகமாக ஊற்றிவிட்டீர்கள். குளிரவைத்து வடிகட்டினால் கலங்கலோடு மணமும் போகும். இரண்டு சதவீதம் வலுவைக் கூட்டினாலே பல நேரம் தெளிந்துவிடும். வரி அதற்கேற்ப ஏறும் என்பதை நினைவில் வையுங்கள். பாட்டிலில் அடைக்கும் முன் ஒரு மாதிரியைக் குளிர்பெட்டியில் ஒரு நாள் வைத்துப் பாருங்கள்.

லேபிளில் பொருளின் வகை, வலு, தயாரிப்பாளர், அளவு, அரசு வகுத்த உடல்நல எச்சரிக்கை இவை வேண்டும். அச்சடிக்கும் முன் 1989-ஆம் ஆண்டு மதுப் பொருட்கள் சட்ட விதிகளோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பத்தாயிரம் லேபிளைத் தூக்கிப்போடுவது வலிக்கும்.

நண்பர்களுக்குள் எழுத்து வேண்டும். உரிமம் யார் பெயரில், வரி பாக்கி வந்தால் யார் பொறுப்பு, செய்முறை நிறுவனத்துக்கா தனி ஆளுக்கா, ஒருவர் விலகினால் பங்கை எப்படி மதிப்பிடுவது என்பதை முதல் டிரம் வாங்குவதற்கு முன்பே கையெழுத்திடுங்கள். கணக்குப் புத்தகத்தை ஒருவர் மட்டும் எழுதட்டும், வடிப்பவர் அல்லாத ஒருவர். 2020-இல் கோவிட் காலத்தில் மது விற்பனை திரும்பத் திரும்பத் தடைபட்டபோது கையிருப்புப் பணம் இல்லாத சிறு தொழில்கள்தான் முதலில் மூச்சுத் திணறின; ஆறு மாத வாடகையைத் தொடாமல் வையுங்கள்.

ஒவ்வொரு வடிப்பிலும் இரண்டு பாட்டிலை நாள், தொகுதி எண், ஜூனிப்பர் மூட்டை எண் எழுதிப் பூட்டி வையுங்கள். 'போன முறை போல இல்லையே' என்று ஒருவர் சொல்லும் நாளில் இரண்டு வடிப்பின் பாட்டிலையும் பக்கத்தில் வைத்து, டானிக் இல்லாமல், அறை வெப்பத்தில், சம அளவு தண்ணீர் கலந்து முகர்ந்து பார்க்கலாம்.